பல கிளைகளுக்குப் போய்வரும் லேப்டாப்களின் நெட்வொர்க் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தலைமை அலுவலகம், திருப்பூரில் தொழிற்சாலை, கோவையில் ஒரு கிளை என்று நடக்கிற நிறுவனங்கள் நம் பக்கத்தில் ஏராளம். கணக்குப் பார்ப்பவர், மெர்ச்சன்டைசர், சர்வீஸ் இன்ஜினியர் என்று யாராவது ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்துகொண்டே இருப்பார். போன இடத்தில் முதல் அரை மணி நேரம் "நெட் வரவில்லை" என்பதிலேயே கழிந்துவிடும். பெரும்பாலும் இது தவிர்க்கக்கூடிய தொல்லைதான்.

கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: ஊருக்கு ஊர் மாறுகிற எந்த விவரத்தையும் லேப்டாப்பில் எழுதி வைக்காதீர்கள். அதை அந்தந்த ஊரின் ரௌட்டரும் சர்வரும் சொல்லட்டும். எடுத்துக்காட்டுக்காகச் சென்னை முகவரிகள் 192.168.10 என்றும், திருப்பூர் முகவரிகள் 192.168.20 என்றும் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மெனு பெயர்கள் விண்டோஸ் 11-க்கு உரியவை. ஆப்பிள் மேக் கணினி, லினக்ஸ் பற்றி வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

சென்னையில் ஒழுங்காக வேலை செய்த லேப்டாப், திருப்பூரில் கேபிள் செருகினால் நெட் தருவதில்லை. கேபிள் விளக்கு எரிகிறதே, ஏன்?

விளக்கு எரிந்தால் கம்பியும் ஸ்விட்சும் சரி என்று மட்டும்தான் பொருள். சென்னையில் யாரோ அந்த லேப்டாப்புக்கு 192.168.10.45 என்ற முகவரியையும், 192.168.10.1 என்ற கேட்வேயையும், அதாவது வெளியே போகும் வழியான ரௌட்டரின் முகவரியையும், கையால் கொடுத்திருப்பார்கள். திருப்பூருக்கு வந்த பிறகும் லேப்டாப் அந்த 192.168.10.1-ஐத்தான் தேடிக்கொண்டிருக்கும். திருப்பூர் ரௌட்டரோ 192.168.20.1-இல் இருக்கிறது. பக்கத்திலேயே இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்கள் பக்கத்து மேசைக் கணினியில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால், கோளாறு அதுதான். நான் எந்தப் புகாரையும் இந்த ஒப்பீட்டில்தான் தொடங்குவேன். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் முகவரியைத் தானியங்கியில் விட்டால் போதுமா?

போதும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஈதர்நெட், அதில் ஐபி அசைன்மென்ட் என்ற வரி. எடிட் அழுத்தி ஆட்டோமேட்டிக் டிஎச்சிபி என்று மாற்றுங்கள். ரௌட்டரோ சர்வரோ லேப்டாப்புக்குத் தானாகவே முகவரி கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி. அதற்குக் கீழே டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்று தனியாக ஒரு வரி இருக்கும். தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். பலர் முதல் வரியை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முகவரி திருப்பூருடையது, டிஎன்எஸ் சென்னையுடையது என்ற அரைகுறை நிலை வந்துவிடும். அது முழுசாக நெட் இல்லாததைவிட மோசம். சில தளங்கள் திறக்கும், சில திறக்காது என்பது போலக் குழப்பும். வைஃபைக்கும் கேபிளுக்கும் அமைப்புகள் வேறு வேறு. இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஃபயர்வாலில் (யார் எங்கே போகலாம் என்று பார்த்துத் தடுக்கும் காவல் அமைப்பில்) மேனேஜர் லேப்டாப்புக்குத் தனி அனுமதி இருக்கிறது. முகவரி மாறினால் அனுமதி போய்விடுமே?

நிலையான முகவரியைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான், நியாயமான காரணமும்கூட. வழி என்னவென்றால், முகவரியை லேப்டாப்பில் எழுதாமல் டிஎச்சிபி சர்வரில் எழுதுவது. இதை ரிசர்வேஷன் என்பார்கள். லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு மேக் (MAC) முகவரி உண்டு, அது கார்டின் அடையாள எண். ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "இந்த மேக் முகவரி வந்து கேட்டால் எப்போதும் 192.168.10.45 கொடு" என்று சென்னை சர்வரிலும், "192.168.20.45 கொடு" என்று திருப்பூர் சர்வரிலும் பதிந்துவிடுங்கள். கடைசி எண் இரண்டு ஊரிலும் 45 என்றே இருந்தால் நினைவில் வைக்கவும் ஃபயர்வால் விதி எழுதவும் எளிது. லேப்டாப்பில் எதையும் தொட வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, டாக், அதாவது லேப்டாப்போடு கேபிள்களை இணைக்க உதவும் சிறு பெட்டி. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கேபிள் செருகும் துளையே கிடையாது. யுஎஸ்பி-சி டாக் வழியாகத்தான் செருகுகிறோம். டாக்கில் உள்ள நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி டாக்குக்கு உரியது, லேப்டாப்புக்கு உரியது அல்ல. அந்த டாக்கில் நாளை வேறொருவர் லேப்டாப்பைச் செருகினால் மேனேஜரின் முகவரி அவருக்குப் போய்விடும், அனுமதியும் கூடவே போய்விடும். அலுவலக உபயோகத்துக்கென்று விற்கப்படும் டெல், ஹெச்பி, லெனோவா மாடல்கள் பலவற்றில் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பில்) மேக் அட்ரஸ் பாஸ்-த்ரூ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால், அதற்கு ஆதரவு தரும் டாக் லேப்டாப்பின் சொந்த மேக் முகவரியைக் காட்டும்.

இரண்டாவது, வைஃபையில் மாறிக்கொண்டே இருக்கும் மேக் முகவரி. விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ் என்றும், 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் என்றும் இருக்கும். பொது இடங்களில் நம்மைப் பின்தொடராமல் தடுக்க நல்ல ஏற்பாடு. அலுவலக வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் ரிசர்வேஷன் பலிக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமதி ஆளுக்கு உரியது என்றால், ஃபயர்வாலில் பயனர் பெயரை வைத்து விதி எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஐபி முகவரியை அடையாள அட்டையாகப் பயன்படுத்துவது பாதுகாப்பு ஆகாது.

ஒரு கிளையில் மட்டும் டிஎச்சிபி கிடையாது, நிலையான முகவரிதான் தருகிறார்கள். என்ன செய்வது?

அந்தக் கிளையின் ரௌட்டரில் டிஎச்சிபியை இயக்கச் சொல்வதுதான் சரியான தீர்வு. வாடிக்கையாளர் இடம், இயந்திரங்கள் மட்டும் உள்ள நெட்வொர்க் என்று சில இடங்களில் அது நடக்காது. அதற்கு விண்டோஸிலேயே ஒரு வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், கார்டின் மேல் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ், அதில் ஐபிவி4, மறுபடியும் பிராப்பர்ட்டீஸ். முதல் தாவலில் தானியங்கி என்று இருந்தால்தான் இரண்டாவதாக ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன் என்ற தாவல் தெரியும். அதில் யூசர் கான்ஃபிகர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கிளையின் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். இனி லேப்டாப் எங்கே போனாலும் முதலில் டிஎச்சிபி சர்வரைத் தேடும். பதில் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் நீங்கள் எழுதியதற்கு மாறிக்கொள்ளும். தேடிப் பார்த்துவிட்டுத்தான் மாறும் என்பதால் கேபிள் செருகியவுடன் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஒரு கார்டுக்கு ஒரே ஒரு மாற்று அமைப்புதான் எழுத முடியும். அப்புறம், டிஎச்சிபி வேலை செய்கிற கிளையில் ஏதோ காரணத்தால் அது நின்றுபோனாலும் லேப்டாப் இந்த மாற்று முகவரிக்குத்தான் போகும். சம்பந்தமில்லாத முகவரி தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐபிகான்ஃபிக்கில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. இது எந்த ஊருடையது?

எந்த ஊருடையதும் அல்ல. யாரும் முகவரி தரவில்லை என்றால் விண்டோஸ் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. டிஎச்சிபி சர்வர் எட்டவில்லை என்று பொருள். கேபிள், ஸ்விட்ச் போர்ட், ரௌட்டர் என்ற வரிசையில் பாருங்கள். லேப்டாப்பில் எதையும் மாற்ற வேண்டாம்.

நிலையான முகவரி உள்ள இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டுமா?

பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), கேமரா, பயோமெட்ரிக் கருவி போன்றவற்றைச் சரிசெய்யப் போகும் சர்வீஸ் ஆட்களுக்கு இது நிஜமான தேவை. ஆப்பிள் மேக்கில் இதற்கென்றே லொகேஷன்ஸ் என்ற வசதி இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தின் அடியில் மூன்று புள்ளி மெனுவில் கிடைக்கும். ஊருக்கு ஒன்று உருவாக்கி வைத்துக்கொண்டு மாறிக்கொள்ளலாம். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் ஒரே கார்டுக்கு எத்தனை ப்ரொஃபைல் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும்.

விண்டோஸில் அப்படி ஒன்று இல்லை. நெட்ஷெல் (netsh) எனும் நெட்வொர்க் கட்டளைகளை இடத்துக்கு ஒரு பேட்ச் கோப்பாக எழுதி டெஸ்க்டாப்பில் வைக்கலாம். நெட்செட்மேன் போன்ற மென்பொருளும் உண்டு. அதன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், அலுவலகத்துக்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான பழக்கம் நுழைந்துவிடுகிறது. முகவரி மாற்ற அட்மின் உரிமை வேண்டும் என்பதற்காக லேப்டாப்பின் அட்மின் பாஸ்வேர்டையே ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. விண்டோஸில் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் என்று ஒரு குழு முன்பே இருக்கிறது. அதில் அவரைச் சேர்த்தால் நெட்வொர்க் அமைப்பை மாற்றலாம், மென்பொருள் நிறுவ முடியாது.

எல்லாக் கிளைகளிலும் வைஃபைக்கு ஒரே பெயர் வைக்கலாமா?

தாராளமாக. லேப்டாப் ஒரு ஊரில் சேர்ந்துவிட்டால் மற்ற ஊர்களில் கேட்காமல் சேர்ந்துகொள்ளும். ஆனால் பெயரோடு பாதுகாப்பு முறையும் எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே பாஸ்வேர்டை எல்லா ஊருக்கும் பொதுவாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை என்பதுதான் நடைமுறை. ஆளுக்கு ஆள் தனிக் கணக்கோடு நுழையும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ் முறைக்கு, அந்தக் கணக்குகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்று வேண்டும். ஒரு தடவை உழைத்தால் போதும், அப்புறம் போனவரின் கணக்கை மூடினாலே எல்லா ஊரிலும் கதவு மூடிவிடும். அப்படி அமைக்கும்போது சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பை அணைக்காதீர்கள். அணைத்தால், அதே பெயரில் வெளியாள் வைக்கும் போலி வைஃபையிலும் லேப்டாப் நுழையப் பார்க்கும்.

ஒவ்வொரு கிளைக்கும் முகவரித் தொடர் வேறாக இருக்க வேண்டுமா? எங்களுக்கு எல்லா இடத்திலும் 192.168.1-தான்.

கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். இதை மட்டும் முதலில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மோடம் வந்தபோது என்ன எண் இருந்ததோ அதையே விட்டுவிடுவதால்தான் எல்லா ஊரும் 192.168.1 ஆகிவிடுகிறது. பிறகு கிளைகளை விபிஎன் மூலம், அதாவது இன்டர்நெட் வழியே போகும் பாதுகாப்பான சுரங்கம் மூலம், இணைக்கப் போகும்போது, ஒரே கதவு எண் உள்ள இரண்டு வீடுகளுக்குத் தபால் பிரிப்பது போல ஆகிவிடும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. விண்டோஸ் லேப்டாப் தான் கடைசியாக வாங்கிய முகவரியை, டிஎச்சிபி அதைக் கொடுத்த தவணைக்காலம் முடியும் வரை நினைவில் வைத்திருக்கும். புது இடத்தில் டிஎச்சிபி பதில் தரவில்லை என்றால் பழைய கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்க்கும். அங்கும் 192.168.1.1 என்று ஒரு ரௌட்டர் இருந்து பதில் சொன்னால், இடம் மாறவில்லை என்று முடிவு செய்து பழைய முகவரியையே வைத்துக்கொள்ளும். அதே முகவரி அங்கே வேறொரு கணினிக்குப் போயிருந்தால் இரண்டும் மோதும்.

உள் நெட்வொர்க்குகளுக்கென்று 1990-களிலிருந்தே மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன: 10-இல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுவதும். நான் 10 தொடரையே எடுப்பேன். இரண்டாவது எண் ஊரைக் குறிக்கட்டும், மூன்றாவது எண் வேலையைக் குறிக்கட்டும். 10.20.5.45 என்று பார்த்தவுடனே திருப்பூர், கணக்குப் பிரிவு என்று தொலைபேசியிலேயே புரிந்துவிடும்.

விபிஎன் என் சக ஊழியர் வீட்டில் வேலை செய்கிறது, என் வீட்டில் இணைகிறது ஆனால் சர்வர் திறக்கவில்லை. லேப்டாப் இரண்டும் ஒரே மாடல். ஏன் இப்படி?

வீட்டு மோடத்தைப் பாருங்கள். ஏர்டெல், பிஎஸ்என்எல் ஃபைபர் மோடம்கள் பெரும்பாலும் 192.168.1.1-இல் இருக்கும். ஜியோஃபைபர் ரௌட்டர் 192.168.29.1. உங்கள் அலுவலகமும் 192.168.1 தொடரில் இருந்து, சர்வர் 192.168.1.10 என்றால், ஏர்டெல் வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு அது வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு கருவி. விபிஎன் சுரங்கத்துக்குள் அனுப்பாமல் ஹாலிலேயே தேடும். ஜியோ வீட்டில் இந்த மோதல் கிடையாது.

அவசரத்துக்கு வீட்டு மோடத்தின் முகவரியை 192.168.77.1 என்பது போல மாற்றிக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு அலுவலகத்தில்தான்: தலைமை அலுவலகத்தை 192.168.0, 192.168.1 தொடர்களிலிருந்து வெளியே எடுங்கள். விடுதி, விமான நிலையம் என்று ஊழியர் போகிற ஒவ்வொரு இடத்தின் மோடத்தையும் உங்களால் மாற்ற முடியாது.

இன்டர்நெட் வருகிறது, ஆனால் அலுவலக சர்வர் பெயரைப் போட்டால் கிடைக்கவில்லை.

டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 என்று யாரோ கையால் எழுதியிருப்பார்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் அலுவலக சர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? அதை எடுத்துவிட்டுத் தானியங்கிக்கு மாற்றுங்கள், பிறகு ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்துக் (ipconfig /flushdns) கொடுத்துப் பழைய நினைவை அழியுங்கள். பெயருக்கு உரிய முகவரியைக் கையால் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய சர்வர் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டர், பகிர்ந்த டிரைவ் போன்றவற்றை ஐபி எண்ணால் இணைக்காமல் சர்வர் பெயரால் இணையுங்கள். சர்வர் முகவரி என்றாவது மாறினால் டிஎன்எஸ்ஸில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். எண்ணால் இணைத்திருந்தால் ஒவ்வொரு லேப்டாப்பையும் தேடிப் பிடிக்க வேண்டும், அதில் இரண்டு எப்போதும் ரயிலில் இருக்கும்.

பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பிரௌசர் மட்டும் திறக்கவில்லை.

ப்ராக்ஸி, அதாவது பிரௌசருக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிற்கும் சர்வர். தலைமை அலுவலகத்தில் கையால் கொடுத்த ப்ராக்ஸி முகவரி, அது இல்லாத கிளைக்கும் கூடவே வந்துவிட்டது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் ப்ராக்ஸி பக்கத்தில் மேனுவல் ப்ராக்ஸியை அணைத்தால் உடனே வரும். ஃபயர்ஃபாக்ஸில் தனியாக மாற்றியிருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும்.

அணைப்பதும் போடுவதுமாக இருப்பதற்குப் பதில் பேக் (PAC) கோப்பு வையுங்கள். நெட்ஸ்கேப் காலத்திலிருந்து இருக்கிற எளிய ஏற்பாடு அது. சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று, "லேப்டாப் இந்தத் தொடரில் இருந்தால் இந்த ப்ராக்ஸி, இல்லையென்றால் நேரடியாக" என்று சொல்லும். அதன் முகவரியை லேப்டாப்பில் ஒரு முறை கொடுத்தால் போதும். கோப்பே எட்டாத இடத்தில் பிரௌசர்கள் பொதுவாக நேரடியாகப் போய்விடும். ப்ராக்ஸியைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பை மட்டும் வெளியே போகும் லேப்டாப்களில் அணைத்து வையுங்கள். வெளி நெட்வொர்க்கில் வேறு யாராவது அதற்குப் பதில் சொல்லிவிட முடியும். 2016-இல் அமெரிக்காவின் யுஎஸ்-செர்ட் அமைப்பும் அந்த ஏற்பாட்டின் ஆபத்தைப் பற்றி எச்சரித்தது.

கோவையில் உட்கார்ந்து பிரின்ட் கொடுத்தேன், சென்னையில் வந்திருக்கிறது.

சம்பளப் பட்டியல் இப்படி வேறு ஊர் பிரின்டரில் வந்து கிடந்தால் சின்ன விஷயம் அல்ல. கிளைகள் விபிஎன்னில் இணைந்திருப்பதால் சென்னை பிரின்டரும் லேப்டாப்புக்கு எட்டுகிறது, அதுவே டிஃபால்ட்டாகவும் இருக்கிறது. விண்டோஸில் பிரின்டர்ஸ் பக்கத்தில் லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரின்டர் என்பதை இயக்கினால், அந்த இடத்தில் கடைசியாகப் பயன்படுத்திய பிரின்டர் டிஃபால்ட் ஆகும். ஊர் மாறுகிறவர்களுக்கு இது உதவும். அதைவிடப் பயன் தருவது பிரின்டருக்கு வைக்கும் பெயர். மாடல் எண்ணை அப்படியே விடாமல் "கோவை கணக்கு", "திருப்பூர் ஸ்டோர்ஸ்" என்று வையுங்கள். அச்சிடும் முன் கண்ணில் படும். ரகசிய ஆவணங்களுக்கு, பிரின்டரில் பின் எண் போட்டால்தான் தாள் வெளியே வரும் என்று அமைக்கலாம்.

புது இடத்தில் பப்ளிக்கா பிரைவேட்டா என்று கேட்கிறது.

சொந்தக் கிளை என்றால் பிரைவேட். விடுதி, வாடிக்கையாளர் இடம், ரயில் நிலையம் எல்லாம் பப்ளிக். டொமைனில், அதாவது நிறுவனத்தின் பொதுக் கணக்கு அமைப்பில், சேர்ந்த லேப்டாப், டொமைன் சர்வரை எட்ட முடிந்தால் தானே புரிந்துகொள்ளும்.

ஆய்வுக் கூட்டத்துக்கு எல்லா ஊரிலிருந்தும் வந்தால் சிலருக்கு வைஃபை முகவரி கிடைப்பதில்லை.

முகவரி தீர்ந்துபோய்விடுகிறது. ஒரு சாதாரணத் தொடரில் 254 முகவரிகள்தான். விண்டோஸ் டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியை வழக்கமாக 8 நாளுக்குக் கொடுக்கும். திங்கட்கிழமை வந்து மாலையே போனவரின் லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் அந்த இரண்டு முகவரிகள் அடுத்த வாரம் வரை ஒதுக்கப்பட்டே இருக்கும். வைஃபை தொடருக்கு மட்டும் தவணையை 8 மணி நேரமாகக் குறையுங்கள். விருந்தினர் ஃபோன்களுக்குத் தனித் தொடர் கொடுங்கள்.

கிளையில் ஒருவருக்கு அவசரமாக வேறொருவர் லேப்டாப்பைக் கொடுத்தோம். அவருடைய பாஸ்வேர்டை ஏற்கவில்லை.

டொமைன் கணக்கு என்றால், அந்த லேப்டாப்பில் அவர் இதற்கு முன் நுழைந்ததே இல்லை என்பதுதான் காரணம். முன்பு நுழைந்தவர்களின் விவரத்தை விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும், வழக்கமாகக் கடைசிப் பத்துப் பேர் வரை. புதியவர் என்றால் டொமைன் சர்வரைக் கேட்டாக வேண்டும். கிளையிலிருந்து சர்வருக்கு வழி இல்லையென்றால் நுழைய முடியாது. லாகின் திரையிலேயே விபிஎன்னை இணைக்கும் வசதி உங்கள் விபிஎன்னில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லையென்றால், பொதுவாக வைத்திருக்கும் லேப்டாப் தலைமை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவை நுழைந்துவிட்டு வரட்டும்.